கோவையில் வீடு, மஸ்கட்டில் நான், நடுவில் ஒரு ஃப்ளஷ் டேங்க்

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் வாடகை பாக்கி, காலி செய்யாத ஆள் என்று பெரிய பெரிய விஷயங்களுக்குப் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அதெல்லாம் வரவே இல்லை. வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடுகிறது. மொட்டை மாடி ஒழுகியபோது கூட அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூடியது, கொட்டேஷன் வந்தது, என் பங்கை அனுப்பினேன், முடிந்தது. உயிரை வாங்குவது நானூறு, ஐந்நூறு ரூபாய் வேலைகள்தான். போன வாரமும் அப்படி ஒன்று முடிந்தது. அந்தச் சூட்டோடு எழுதுகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல் கிழமை. குடியிருக்கும் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிறுதான் வீட்டில் இருப்பார்கள். பிளம்பருக்கு ஞாயிறு லீவு. மஸ்கட்டில் எனக்கோ வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிறு காலையில் ஆபீஸ். மூன்று பேரும் சும்மா இருக்கிற நேரம் என்று வாரத்தில் ஒன்று கிடையாது. பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் குறிப்பது இதைவிடச் சுலபம்.

அடுத்தது அந்த ஃப்ளஷ் டேங்க். கோவைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்: சமையலறைக் குழாயில் நல்ல தண்ணி, மற்றதற்கெல்லாம் போர் போட்ட உப்புத் தண்ணி. அந்த உப்பு டேங்குக்குள்ளே அடியில் இருக்கும் வாஷரைச் சுற்றி வெள்ளையாகப் படியும். வாஷர் சரியாக உட்காராது. தண்ணீர் சத்தமே இல்லாமல் கம்மோடுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே ஒரு சொட்டு சிந்தாது, தரை நனையாது, அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. முதலில் தெரிவது அசோசியேஷன் செக்ரட்டரிக்கு. "சார், உங்க பிளாக் டேங்க் மட்டும் சாயங்காலத்துக்குள்ள காலியாயிருதுங்க" என்று எனக்கு மெசேஜ் போடுவார். நான் குடியிருப்பவரைக் கேட்டால் "எதுவும் ஒழுகலீங்களே சார்" என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டேங்கில் ஏதாவது சாயத்தைக் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட வேண்டும். கம்மோடில் நிறம் இறங்கினால் வாஷர் போச்சு. வீடியோ காலில் குடியிருக்கும் பெண்ணிடம் "வீட்டுல கொஞ்சம் குங்கும..." என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியிலேயே விழுங்கிக்கொண்டேன். கக்கூஸில் போடுகிற பொருளா அது! மஞ்சளுக்கும் அதே கதி. கடைசியில் அவர்கள் பையனின் வாட்டர் கலர் டப்பாவிலிருந்து நீலத்தைக் கரைத்தார்கள். பையன் பாத்ரூம் வாசலில் உட்கார்ந்து "இன்னும் வரல அங்கிள், இன்னும் வரல அங்கிள், வந்துருச்சு!" என்று கமெண்ட்ரி கொடுத்தான். இத்தனை வருஷத்தில் ரிப்பேர் விஷயமாக நான் சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

ஆனால் கண்டுபிடித்து என்ன? பிளம்பர் வந்து மூடியைத் திறந்தவுடன் "உள்ள இருக்கிற செட்டையே மாத்திரலாங்க" என்பார். வாஷரைக் கழற்றி வினிகரில் ஊறப்போட்டுத் தேய்த்தாலே பல சமயம் சரியாகிவிடும். அதைக் கை நடுங்கும் வீடியோவில், டார்ச் வெளிச்சத்தில், இங்கிருந்து வாதாட முடியுமா? சரி மாத்துங்க என்பேன். புது செட் வரும். உப்பு மட்டும் பழைய உப்புதான், சில மாதத்தில் அது தன் வேலையைக் காட்டிவிடும்.

ஆரம்பத்தில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஒரு நிறுவனத்திடம் விட்டிருந்தேன். நியாயமாகச் சொன்னால், நல்ல குடும்பத்தைப் பிடித்துக் கொடுத்தது அவர்கள்தான். ஒப்பந்தப் பதிவையும் சுத்தமாக முடித்துக் கொடுத்தார்கள். ஆனால் ஃப்ளஷ் டேங்க் புகாருக்கு 'பணி நிறைவு' என்று போட்டு ஒரு போட்டோ அனுப்பினார்கள் பாருங்கள், டேங்கின் மூடியை! மூடி பளபளவென்று இருந்தது. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி புகார் கொடுத்தால் மறுபடி விசிட் சார்ஜ். வருஷம் முடிந்ததும் கும்பிடு போட்டுவிட்டேன்.

இப்போது தெருமுனை எலெக்ட்ரிகல் கடைக்கார அண்ணனிடம் கொஞ்சம் முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறேன். அவர் கடையில் எப்போதும் ஒரு எலெக்ட்ரீசியனோ பிளம்பரோ நிற்பார்கள். குடியிருப்பவர் நேராக அவரைக் கூப்பிடலாம், சின்ன வேலை என்றால் என்னைக் கேட்கவே வேண்டாம். இது பிரமாதமாகவே நடக்கிறது. ஒரு நாள் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் எங்காவது கசிந்தால் தானே விழும் மெயின் சுவிட்ச், விழுந்து வீடே இருட்டு. ஒவ்வொரு லைனுக்கும் தனியாக இருக்கும் சின்ன சுவிட்சுகள், எம்சிபி, எல்லாம் மேலேதான் இருந்தன. கீசர் பிளக்கைக் கழற்றிவிட்டு ஏற்றச் சொன்னேன், விழாமல் நின்றது. கீசருக்குள்ளே எர்த் லீக், கரண்ட் கசிவு. மறுநாள் எலிமெண்டைக் கழற்றினால் அதிலும் உப்பு, பொருக்குப் பொருக்காக.

செலவு யாருடையது என்று கேட்பீர்கள். 2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு அட்டவணை உண்டு. வெள்ளையடிப்பு, தண்ணீர் பைப் மாற்றுவது, வயரிங் எல்லாம் வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு, கழிப்பறை ரிப்பேர், கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் தலையில். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவே செல்லும். அட்டவணைப்படி பார்த்தால் அந்த ஃப்ளஷ் டேங்க் என்னுடையதே அல்ல! ஆனால் உப்புத் தண்ணி அவர்கள் கொண்டுவந்ததா? நானே கொடுத்துவிடுகிறேன். கொடுக்கும்போதெல்லாம் வயிறும் எரிகிறது. வருமான வரியிலும் ரிப்பேருக்கென்று வாடகையில் மொத்தமாக 30 சதவீதம் கழிவுதான். நூறு ரூபாய் செலவழித்தாலும் லட்சம் செலவழித்தாலும் அதே 30.

கனடா கிளம்பும் நண்பன் ஒருவன் நேற்று இதைத்தான் கேட்டான், வீட்டை வாடகைக்கு விடலாமா என்று. நல்ல குடும்பம், நம்பிக்கையான கடைக்காரர், ஒழுங்கான வாடகை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வேண்டாம்டா, வித்துட்டுப் போ என்றேன். அப்ப நீ ஏன் விக்கலை என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இந்த வாரம் விற்கிற மூடில்தான் இருக்கிறேன்.

வாடகைக்கு விட்டே தீருவேன் என்பவர்கள், சாவியைக் கொடுக்கும் முன் ஃப்ளஷ் டேங்குக்குக் கீழே இருக்கும் ஆங்கிள் காக்கை, அதாவது டேங்குக்குப் போகும் தண்ணீரை மூடும் சின்ன வால்வை, கையால் திருகிப் பாருங்கள். உப்பில் இறுகித் திரும்பவில்லை என்றால் முதலில் அதை மாற்றுங்கள். அது ஒழுங்காக மூடினால், பிளம்பர் வர நாலு நாள் ஆனாலும் பக்கெட்டில் தண்ணீர் ஊற்றிச் சமாளித்துக்கொள்வார்கள், செக்ரட்டரியும் உங்களைக் கூப்பிடமாட்டார்.