அட்டைப்படத்தில் லாவா, பெட்டிக்குள் சாம்பல்: பிள்ளைகளுக்கான எரிமலைப் பெட்டி வாங்கலாமா?

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் மகனுக்கு வாங்கின எரிமலை, உயிர்ச்சுவடு (ஃபொசில்) செட் பற்றி எழுதுகிறேன், கடையிலே பார்த்துவிட்டு எடுக்கலாமா விடலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக. விலை 7,000 ரூபாவுக்குக் கொஞ்சம் கூட, இறக்குமதிச் சாமான்.

முதலில் அட்டைப்படம். சிவப்பு லாவா ஓடிவர டைனோசர் அதில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, இப்படித்தான் உயிர்ச்சுவடு உருவாகும் என்கிற மாதிரி. ஆயிரம் பாகை செல்சியஸைத் தாண்டின குழம்பு மேலே வந்தால் உடம்பு பெரும்பாலும் எரிந்துதான் போகும். காப்பாற்றி வைப்பது சாம்பலும் சேறும். படத்தை வரைந்தவர் உள்ளே இருக்கிற துண்டுப் பிரசுரத்தைப் படித்திருக்கவே மாட்டார், ஏனென்றால் அது இதைச் சரியாகவே சொல்கிறது.

பிரசுரத்தில் இருப்பது அமெரிக்காவின் கொலராடோவிலுள்ள புளோரிசன்ட் பள்ளத்தாக்கின் கதை. சுமார் 34 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் பக்கத்து எரிமலையிலிருந்து சேறு பாய்ந்து வந்து செக்குவோயா என்ற ராட்சத மரங்களின் அடிப்பகுதியை 15 அடி உயரம் வரை மூடிவிட்டது. சாம்பலிலிருந்து கரைந்த சிலிக்கா என்ற கனிமம் நிலத்தடி நீரோடு மரத்துக்குள் ஊறி ஊறி அது கல்லாகிவிட்டது. அப்புறம் இன்னொரு சேற்றுப் பாய்ச்சல் ஓடையை மறித்து ஏரியாக்க, சாம்பல் வந்து விழ விழ அந்த நீரில் சிலிக்கா கூடி, டயட்டம் என்ற நுண்பாசி மண்டி வளர்ந்தது. உதிர்ந்த இலையும் செத்த பூச்சியும் பாசிப் படலத்தில் ஒட்டி அடியில் படிந்தன, மேலே சாம்பல் களிமண், திரும்பப் பாசி, இப்படியே மாறி மாறி. இன்றைக்குப் பெரும்பாலும் ஆபிரிக்காவில் இருக்கிற, இரத்தம் குடிக்கும் செட்சி ஈ கூட அங்கே கல்லில் கிடைத்திருக்கிறது!

செட்டில் எனக்குப் பிடித்ததும் இப்படிப் படிந்து உருவான படிவுக்கல் துண்டுதான். நனைந்து காய்ந்த கொப்பித் தாள்கள் மாதிரி மெல்லிய அடுக்குகள், விளிம்பில் கத்தி நுனியை வைத்து மெதுவாக நெம்பினால் பிரிகிறது. எங்களுடையதில் ஒரு பக்கம் பழுப்பு நிறத்தில் இலைத்துண்டு ஒன்று, நடு நரம்பும் கிளை நரம்பும் லென்ஸ் இல்லாமலே தெரிந்தன. மகன் அதைப் பார்த்தபிறகு டைனோசரைக் கேட்கவே இல்லை. கூட வருகிற எரிமலை நுரைக்கல்லும் அசல்தான், பேசினில் போட்டால் மிதக்கிறது. எரிமலைக் கண்ணாடித் துண்டின் ஓரம் கூர், கவனம்.

தோண்டியெடுக்கத் தந்திருக்கிற பிளாஸ்டர் கட்டிதான் வீண். உள்ளே பிளாஸ்டிக் எலும்பு. சுரண்டச் சுரண்டப் பறக்கிற தூசிக்கு ஒரு முகக்கவசமாவது வைத்திருக்கலாம். ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் ஃபேனை நிறுத்திவிட்டு பால்கனியில் வைத்துச் செய்யுங்கள், எங்கள் வீட்டு மாமி இன்னமும் சோபாவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பிரசுரம் ஆங்கிலத்தில் மட்டும், எழுத்தும் எறும்பு அளவு. தமிழ், சிங்கள மீடியப் பிள்ளை என்றால் நீங்கள்தான் பக்கத்தில் இருந்து வாசித்து விளங்கப்படுத்த வேண்டும்.

"அப்பா, எங்கட நாட்டில எரிமலை எங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். இல்லை என்று சொல்லிவிடுங்கள். இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறை. ஆனால் உயிர்ச்சுவடு இருக்கிறது: இரத்தினபுரி மாணிக்கக் குழிகளின் ஆற்றுச் சரளைக்குள்ளிருந்து நீர்யானை, காண்டாமிருகப் பற்களும் எலும்புகளும் வந்திருக்கின்றன, தொல்லுயிரியலாளர் பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து எழுதினார். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லில் கடல் சிப்பிகளின் சுவடு உண்டு. பெட்டியில் இதற்கெல்லாம் இடமில்லை, அது இறக்குமதிக்காரரின் குற்றமுமில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒன்பது, பத்து வயதுக்குக் கீழே வேண்டாம், கல்லைப் பிரிக்கப் பொறுமை வராது. வாங்கும்போது கடையிலேயே பெட்டியைத் திறந்து படிவுக்கல் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள், நாங்கள் முதலில் எடுத்ததில் அது தூளாகிக் கிடந்தது. மாற்றிக் கேட்டதும் கடைத் தம்பி முகம் சுளிக்காமல் வேறு பெட்டி தந்தார்.