கிளாட்டில் 48: டிராப் போடுவதா, கிடைத்த இடத்தில் சேர்வதா?

அக்கா மகளுக்கு, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் கிளாட் நுழைவுத் தேர்வில் 120க்கு 48. டிசம்பரில் ரிசல்ட் வந்த ராத்திரி அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் போன்: "மாமா, எங்கேயும் சேராம ஒரு வருஷம் டிராப் போட்டு மறுபடி எழுதவா?"

"முதல்ல கேள்வித்தாளை எடு, எத்தனை எழுதினேன்னு எண்ணு" என்றேன்.

எண்ணினாள். 78 எழுதியிருக்கிறாள், 54 சரி, 24 தவறு. தவறுக்குக் கால் மதிப்பெண் போனால் 48. மீதி 42 கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லை. இதே 48 இன்னொரு விதமாகவும் வரும்: 118 எழுதி, 62 சரி, 56 தவறு. இரண்டு பேருக்கும் மதிப்பெண் ஒன்றுதான், வியாதி வேறு. அவள் மெதுவாகப் படிப்பவள். மற்றவர் கேள்விகளுக்கு மேலே தரும் பத்தியைப் பாதி படித்துவிட்டு விடைக்குத் தாவுகிறவர்.

2 மணி நேரத்தில் 120 கேள்வி. பத்தியைப் படிக்கும் நேரமும் சேர்த்தே ஒரு கேள்விக்கு 1 நிமிடம். நடப்பு நிகழ்வும் சட்டத் தர்க்கமும் தலா கால் பங்கு, கணக்கு பத்தில் ஒரு பங்குதான். நெகட்டிவ் மார்க்கை நினைத்து நடுங்குவதும் தேவையில்லை. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் குறித்தாலும் சராசரியில் நஷ்டம் வராது, துளி லாபம்தான். நேரத்தைத் தின்றது வாசிப்பு.

இனி டிராப். மெதுவாகப் படிப்பவருக்கு ஓராண்டு முழுக்கத் தேவையா என்பது என் சந்தேகம். தினம் ஆங்கில நாளிதழின் தலையங்கம், வாரம் இரண்டு மாக் டெஸ்ட். இதைக் கல்லூரிக்குப் போய்க்கொண்டே செய்யலாம். வயது வரம்பு கிடையாது, அடுத்த டிசம்பரிலும் எழுதலாம். தாவுகிறவர் டிராப் போட்டு, பழைய பழக்கத்தோடே கோச்சிங்கில் உட்கார்ந்தால் மறுபடி 48தான். செய்த தவறு ஒவ்வொன்றுக்கும் 'ஏன் இதைக் குறித்தேன்' என்று நோட்டில் எழுதும் பொறுமை இருந்தால் மட்டும் அவருக்கு அந்த வருஷம் பயன்படும். வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளையை அடுத்த வீட்டு அத்தைகள் கேட்கும் கேள்விகளையும் கணக்கில் வையுங்கள். அது சின்ன விஷயமில்லை.

எதிர்த் தட்டில் தமிழ்நாட்டுக் கல்லூரிகள். சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளி, அதோடு மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி என்று அரசு சட்டக் கல்லூரிகள். இவற்றின் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வே இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்தான். நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. கிளாட் டிசம்பரில், பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில். கிளாட் போன துக்கத்தில் அந்த மூன்று மாதத்தையும் கோட்டைவிடும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மார்ச்சில் எழுதும் பிளஸ் டூ பரீட்சைதான் தங்களுக்கு இரண்டாவது நுழைவுத் தேர்வு மாதிரி என்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

செலவில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது. தேசிய சட்டப் பல்கலையில் ஆண்டுக்கு லட்சக் கணக்கு, அரசுக் கல்லூரியில் ஆயிரக் கணக்கு. பெரிய கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து ஆள் எடுப்பது முதல் வகையில் அதிகம், அதை மறைப்பானேன். ஆனால் மதுரையிலோ சென்னையிலோ கோர்ட்டில் நின்று வாதாட வேண்டும் என்பவருக்கு, எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த சீனியர் வக்கீலிடம் தொழில் பழகுகிறார் என்பதுதான் கேள்வி. பட்டம் வாங்கியபின் பார் கவுன்சிலில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு எல்லாம் எல்லோருக்கும் ஒன்றேதான்.

மூன்றாவது வழி, ஒரு டிகிரி முடித்துவிட்டு மூன்றாண்டு எல்எல்.பி. கணக்குப் பாருங்கள்: டிராப் போட்டு ஐந்தாண்டு படித்தாலும் 6 வருஷம், டிகிரி 3 + சட்டம் 3 என்றாலும் 6 வருஷம். கையில் இரண்டு பட்டம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியே 2022இல் மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கி, தனி நுழைவுத் தேர்வு வைக்கிறது. 17 வயதில் மூடிய கதவு 20 வயதில் மறுபடி திறக்கிறது. சட்டம்தான் வேண்டுமா என்று இன்னும் தெளிவில்லாதவருக்கு இதைத்தான் சொல்வேன். தெளிவாக இருப்பவருக்கு இது சுற்றுவழி.

இன்னொன்று. திருச்சி தேசிய சட்டப் பல்கலையும் கிளாட் வழிதான்; ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அங்கே தனி ஒதுக்கீடு உண்டு. அகில இந்திய ரேங்கைப் பார்த்து மட்டும் அழுதுவிட வேண்டாம், முந்தைய ஆண்டு அந்த ஒதுக்கீட்டில் கடைசி இடம் எந்த ரேங்குக்குக் கிடைத்தது என்றும் பாருங்கள். ரிசல்ட்டே கடைசிச் சொல் என்றும் இல்லை: 2025 சேர்க்கைக்கான தேர்வில் விடைக்குறிப்பு வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் நடந்து உச்ச நீதிமன்றம் வரை போனது, பட்டியலைத் திருத்த வேண்டியதாயிற்று.

அக்கா மகள் இப்போது டிராப் பேச்சை எடுப்பதில்லை. கணக்குப்பதிவியல் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் காபியோடு தலையங்கம் ஒன்று. நேற்று அதை முடிக்க 11 நிமிடம் ஆனதாம். போன வாரம் 16.