இரண்டரை வருஷமாகக் காதில் எதுவும் மாட்டாமல் ஓடுகிறேன்

ஓடும்போது பாட்டுக் கேட்பதை நான் விட்டதற்குக் காரணம் எந்தக் கொள்கையும் இல்லை. கடலூர்ப் புழுக்கத்தில் வியர்த்த காதுக்குள் ஓடும் நாளெல்லாம் ஒரு மணி நேரம் இயர்பட்ஸை அடைத்து வைத்ததில் பூஞ்சை பிடித்துவிட்டது. பகலில் அரிப்பு, ராத்திரியில் வலி. "மூணு வாரத்துக்குக் காதுல ஒண்ணும் வைக்காதம்மா" என்றார் டாக்டர். ஓட வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மூன்று வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. இயர்பட்ஸ் டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

வீடு மஞ்சக்குப்பத்தில். ஐந்தேகாலுக்குக் கிளம்பி, பீச் ரோட்டில் பெரியார் கலைக் கல்லூரியைத் தாண்டி, தேவனாம்பட்டினம் சில்வர் பீச். அங்கிருந்து ஈர மணலில் தாழங்குடா பக்கமாகக் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினால் எட்டு கிலோமீட்டர். வாரத்துக்கு நாலு நாள்.

முதல் இரண்டு வாரம் எனக்குப் பிடிக்கவே இல்லை. முந்தின ராத்திரி வீட்டில் நடந்த வாக்குவாதம் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கூடவே ஓடி வரும். கால் இரட்டிப்பாகக் கனக்கும். பாட்டு களைப்பைக் குறைத்துக் காட்டும் என்பது உண்மைதான். லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராஜியோர்கிஸ் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார். போட்டி நடக்கும் இடத்துக்குள் பாட்டுக் கருவி வைத்திருப்பதை உலகத் தடகள விதிகளே வெளியுதவியாகத்தான் எடுத்துக்கொள்கின்றன. நாலு வருஷம் கிடைத்த உதவி ஒரே நாளில் நின்றால் உடம்பு தேடத்தானே செய்யும்?

மூன்றாம் வாரத்தில்தான் என் காலடிச் சத்தம் காதில் விழுந்தது. வலது கால் 'தட்' என்று விழுந்தது. இடது கால் 'தப்' என்று கனத்து விழுந்தது. வீட்டுக்கு வந்து ஷூவைத் திருப்பிப் பார்த்தால், இடது குதிகால் பக்கம் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஒரு வருஷமாக இடது முழங்காலில் இருந்த நோவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எட்டு வைக்கும் நீளத்தைக் குறைத்து, இரண்டு காலும் ஒரே சத்தத்தில் விழும்வரை காதால் கேட்டுக் கேட்டுத் திருத்தினேன். இரண்டு மாதத்தில் நோவு விட்டது. எல்லோருக்கும் இப்படி விடும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு விட்டது.

வேகமும் அப்படித்தான் சரியானது. முன்பெல்லாம் முதல் பாட்டின் தாளத்துக்குக் கால் தானாக ஓடிவிடும். கல்லூரியைத் தாண்டுவதற்குள் மூச்சு முட்டும். இப்போது மூச்சே கணக்கு. மூன்று அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே. அது குலைந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன்.

மீன் கூடையோடு படகுக்காகக் காத்திருக்கும் ஒரு ஆயாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு வருஷமாக அவர் வாயசைப்பதைப் பார்த்து, வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துக் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். காது திறந்த பிறகுதான் கேட்டது: "பாத்துப் போம்மா, நண்டு வளை இருக்கு, கால் மடங்கிடும்." நின்று கேட்டபோது, "தெனம் இதான சொல்றேன், இன்னிக்குத்தான் காதுல விழுந்துதா உனக்கு?" என்றார். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அவர் பக்கத்தில் ஒரு நிமிஷம் நிற்காமல் நான் திரும்புவதில்லை.

கடல் எப்படி இருக்கிறது என்பது கல்லூரி வாசலிலேயே தெரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அலை விழும் சத்தம் அவ்வளவு தூரம் வரும். மாசியில் மணலை மிதித்த பிறகுதான் கேட்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில், முதுநகர் துறைமுகத்து விசைப்படகுகளின் தூரத்து உறுமல் நின்றுபோகும். அருகிலேயே மீன் பிடிக்கும் ஃபைபர் படகுகளின் எஞ்சின் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். அந்த இரண்டு மாதமும் கரிச்சான் கத்துவது கடற்கரை வரை தெளிவாக வருகிறது.

போன மாசி மாதம் ஒரு நாள், இன்னும் விடியவில்லை, தாழங்குடா பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஈர மணலை யாரோ துடைப்பத்தால் இழுப்பது போல ஒரு சத்தம். கொஞ்சம் நிற்கும், மறுபடி இழுக்கும். நடுநடுவே வயதானவர் பெருமூச்சு விடுவது போல ஒரு மூச்சு. நின்றுவிட்டேன். முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பும் பங்குனி ஆமை. செல்போன் விளக்கைக்கூட நான் போடவில்லை. வெளிச்சம் அதற்கு வழியைக் குழப்பிவிடும். கடைசி அலை வந்து தூக்கும்வரை அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அந்த முட்டைகள் பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாளும் அந்த இடத்தைச் சுற்றித்தான் ஓடினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்திருந்தால் இருட்டில் பத்தடி தள்ளி அதைக் கடந்து போயிருப்பேன்.

ஒரு குறை இருக்கிறது. மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வேக ஓட்டம் பழகும் நாளில் பாட்டு இல்லாமல் இன்றைக்கும் சலிப்பாகத்தான் இருக்கிறது. அதற்கு நான் வழி கண்டுபிடிக்கவில்லை. பாதுகாப்பு விஷயத்தில் காதை மட்டுமே நம்பவும் கூடாது. நாய் வருவதும் பைக் வருவதும் முன்கூட்டியே கேட்கும், மின்சார ஸ்கூட்டர் கேட்காது. திரும்பிப் பார்த்துவிட்டே சாலையைக் கடக்கிறேன்.

யாராவது முயன்று பார்ப்பதாக இருந்தால், ஒரு மாதமாவது விடாமல் பாருங்கள். இரண்டாம் வாரத்தில் நிறுத்தியிருந்தால் இதில் எதையும் நான் எழுதியிருக்க முடியாது.

போன வாரம் வாடை திரும்பிவிட்டது. சவுக்குத் தோப்பின் இரைச்சல் இப்போது போகும்போது முகத்துக்கு நேராக வருகிறது, திரும்பும்போது முதுகுப் பக்கம் கேட்கிறது.