இரு பக்கமும் இரட்டைக் கை: பிடியை மாற்றி ஆடுவதா, மாற்றாமல் ஆடுவதா?

ஃபோர்ஹேண்டையும் (ராக்கெட் பிடிக்கும் கையின் பக்கத்து வீச்சு) இரண்டு கையால் அடிப்பவர்கள் டென்னிஸில் குறைவுதான். ஆனால் மோனிகா செலஸ் ஒன்பது கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்களை வென்றதும், மரியோன் பார்ட்டோலி 2013இல் விம்பிள்டனைத் தட்டிச் சென்றதும் அப்படி ஆடித்தான். இந்த வழிக்கு வருகிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது கைகளின் வரிசையை. கீழே உள்ளதெல்லாம் வலக்கைக்காரர் கணக்கு; இடக்கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளவும்.

மாற்றாத முறையில் வலக்கை எப்போதும் கைப்பிடியின் அடியில், இடக்கை அதற்கு மேல். பேக்ஹேண்டில், அதாவது மறுபக்கத்து வீச்சில், தொந்தரவே இல்லை. ஃபோர்ஹேண்டில்தான் வம்பு: இடக்கை வலக்கையைத் தாண்டிப் போய்ப் பிடிப்பதால் கைகள் குறுக்கே விழுகின்றன, வலது முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்கிறது. தோளை நன்றாகத் திருப்பாவிட்டால் வீச்சுக்கே இடமிருக்காது. தோளுயரத்தில் வரும் பந்து இன்னும் மோசம். ஆனால் எட்டாத பந்துக்கு இடக்கையை விட்டால் போதும். வலக்கை அடியிலேயே இருப்பதால் ராக்கெட்டின் முழு நீளமும் கிடைக்கும். உடம்பை நோக்கி வரும் வேகமான சர்வுக்கும் இதுவே பாதுகாப்பு.

மாற்றும் முறையில் ஃபோர்ஹேண்டுக்கு இடக்கை அடியில், வலக்கை மேலே, பேக்ஹேண்டுக்கு நேர்மாறு. இரண்டு பக்கமும் வீச்சு தாராளம், பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பினும் எளிது. விலை, நேரம். பலர் இங்கே கோட்டைவிடுவது காத்திருக்கும் நிலையில்தான். இரண்டு கையையும் பேக்ஹேண்டுக்குப் போல நெருக்கிப் பிடித்து நின்றால், ஒரு கை மற்றொன்றைத் தாண்டிக் குதிக்க வேண்டிவரும். அந்த நொடியில் ராக்கெட் முகம் (பந்தைத் தொடும் நரம்புப் பரப்பு) திரும்பிவிடும். வலக்கையை அடியிலிருந்து ஓர் உள்ளங்கை அகலம் மேலே வையுங்கள். இடக்கை ராக்கெட்டின் கழுத்தில் இருக்கட்டும். ஃபோர்ஹேண்ட் என்றால் வலக்கை அசையாது, இடக்கை மட்டும் அடிக்கு இறங்கும். பேக்ஹேண்ட் என்றால் வலக்கை அடிக்குச் சறுக்கும், இடக்கை அதற்கு மேலே வந்து உட்காரும். சறுக்கும்போதே வலக்கை, சுத்தியலைப் பிடிப்பதுபோன்ற கான்டினென்டல் பிடிக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் முகம் வானத்தைப் பார்க்கும், பந்து கோட்டுக்கு வெளியே மிதக்கும். தோள் திரும்பும்போதே மாற்றமும் முடிய வேண்டும். பந்து வலையைத் தாண்டிய பிறகும் கை தேடிக்கொண்டிருந்தால் தாமதம்தான்.

இடக்கையை இரு பக்கமும் அடியில் வைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. நல்ல பேக்ஹேண்டைக் கெடுத்துக்கொள்ள அதைவிடச் சுலபமான வழி கிடையாது.

எங்கள் ஓட்டு, பெரும்பாலானோருக்கு, மாற்றும் முறைக்கு. வேகமான தளத்தில் பின்கோட்டை ஒட்டி நின்று எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பவர் மாற்றாமல் ஆடலாம். எதுவானாலும் எட்டும் தூரம் குறையும், ஓரடி கூடுதலாக ஓடத்தான் வேண்டும். 27 அங்குலத்துக்குப் பதில் 27.5 அங்குல ராக்கெட் கொஞ்சம் கைகொடுக்கும். விதிப்படி 29 அங்குலம் வரை போகலாம். ஓவர்கிரிப்பை (கைப்பிடிமேல் சுற்றும் மெல்லிய நாடா) வழக்கத்தைவிட மூன்று நான்கு சென்டிமீட்டர் மேலே வரை சுற்றுங்கள். இல்லையென்றால் மேல் கை வெறும் சட்டத்தில் வழுக்கும்.