லல்லா ஃபாத்மாவின் மலையில் ஒரு நாள்: இந்த வழிகாட்டிச் சேவைக்குப் போகலாமா?

அல்ஜீரியாவில் திஸி உஸூ நகரத்திலிருந்து கிளம்பும் இந்த ஒருநாள் கபிலியா மலைநாட்டுப் பயணத்துக்கு லல்லா ஃபாத்மா ந்சூமருக்காகவே பணம் கட்டினேன். வரலாறு நடத்தும் ஆசிரியை நான். பிரெஞ்சுப் படையை எதிர்த்த ஒரு பெண்ணின் மண்ணை நேரில் பார்க்க ரொம்ப நாளாக ஆசை.

வழிகாட்டியாக வந்த, அந்த மண்ணின் கபில் இனத்து அம்மாவுக்காகவே போகலாம். சண்டையிலிருந்து அவர் கதையைத் தொடங்கவில்லை. கட்டிவைத்த கல்யாணத்தை ஏற்காமல் ஃபாத்மா பிறந்த வீட்டுக்குத் திரும்பியதையும், பிறகு சூமர் கிராமத்தில் அண்ணனோடு இருந்து மார்க்கக் கல்வியில் பேரெடுத்ததையும், வழக்கும் குறையுமாக ஊர்க்காரர்கள் அவரைத் தேடி வந்ததையும் நிதானமாகச் சொன்னார். அந்த மதிப்பு முன்பே இருந்ததால்தான் 1854-இல் பிரெஞ்சுப் படையை எதிர்க்க ஊர்கள் அவர் பின்னால் திரண்டன. வீராங்கனை என்று வாளை மட்டும் காட்டும் சுற்றுலாக்களில் இது கிடைக்காது. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஜுர்ஜுரா மலைத்தொடரின் பெயரைச் சேர்த்து அவரை 'ஜுர்ஜுராவின் ஜோன் ஆஃப் ஆர்க்' என்றார்கள். எதிரி தன் ஊர் நாயகியை வைத்து அளந்த அளவு அது, எங்களுக்கு வேண்டாம் என்றார் அந்த அம்மா. எனக்கும் அதே எண்ணம்தான்.

இஷெரிதன் மேட்டில் நின்றபோது நெஞ்சு கனத்தது. 1857 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி ராண்டோனின் 25,000-க்கும் மேற்பட்ட படையில் ஒரு பிரிவு ஏறி வந்த இடம் அது. பின்வாங்குவதில்லை என்று சபதமெடுத்த 'இம்செப்லென்' வீரர்கள் அங்கே மடிந்தார்கள். ஜூலையில் ஃபாத்மா சிறைப்பட்டார். 1863-இல் காவலிலேயே இறந்தபோது வயது முப்பத்துச் சொச்சம்தான். அவரோடு சேர்ந்து போரிட்ட பூபக்லாவின் மண்டையோடு பாரிஸ் அருங்காட்சியகத்தில் கிடந்து, 2020-இல்தான் அல்ஜீரியாவுக்குத் திரும்பியது.

குறை ஒன்று உண்டு. வழியில் பெனி யென்னி என்ற ஊரின் நகைக் கடைகளில் வண்டியை ரொம்ப நேரம் நிறுத்திவிட்டு, இஷெரிதனில் அவசரப்படுத்தினார்கள். நீலமும் பச்சையும் எனாமல் பூசிப் பவளம் பதித்த அந்த வெள்ளி நகைகள் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நான் வந்தது அதற்கில்லை. பதிவு செய்யும்போதே இஷெரிதனை முதலில் வைக்கச் சொல்லுங்கள். மதியம் தந்த கூஸ்கூஸும் ஆலிவ் எண்ணெயும் அருமை.

குளிர்காலத்தில் மலைப்பாதையில் பனி விழும், மே மாதம் நல்லது. வானம் தெளிவாக இருந்தால் 2,308 மீட்டர் சிகரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஜுர்ஜுராவிலேயே உயரமான அதற்கும் ஒரு பெண்ணின் பெயர்தான்: லல்லா கதீஜா.