பின்னால் உள்ள பட்டறைக்கு லைன் இழுக்க நாற்பதாயிரம் கொடுத்து ஏமாந்த கதை

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப் மூலம் வந்த எலக்ட்ரீஷியன், நாற்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு ஷாக் அடிக்கும் பட்டறையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்றுதான் வேறொருவரை வைத்துப் பட்டறையின் கரண்ட் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கீழே விவரமாக எழுதுகிறேன்.

வீட்டு மெயினிலிருந்து, பின்னால் தனியாக நிற்கும் பட்டறைக்கு லைன் போக வேண்டும். அவர் இழுத்தது பேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் ஒயர்) மட்டும். "எர்த் அங்கிருந்து எதுக்கு சார், இங்கேயே அடிச்சுடலாம்" என்று மண்ணில் ஒரு ராடை இறக்கினார். பிறகு ஒரு குண்டு பல்பை எடுத்து, ஒரு ஒயரைப் பேஸிலும் இன்னொன்றை எர்த்திலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. "பார்த்தீங்களா, எர்த் எவ்வளவு ஸ்ட்ராங்!" அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மீதிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். எரியாமல் என்ன செய்யும்? பெட்டிக்குள் நியூட்ரல் பாரையும் எர்த் பாரையும் (அந்தந்த ஒயர்கள் சேரும் பட்டைகள்) ஒரு துண்டு ஒயரால் இணைத்து வைத்திருக்கிறாரே! பல்பின் கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்பியிருக்கிறது.

மெஷினை ஓட்டினாலே வீட்டு ஆர்.சி.சி.பி. (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது; அந்தத் துண்டு ஒயர் வழியாகக் கொஞ்சம் கரண்ட் மண்ணுக்குப் போய்க்கொண்டிருந்ததே! கூப்பிட்டதற்கு வந்து, பட்டறை லைனை ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலேயே மாட்டிவிட்டு "இனி விழாது சார்" என்றார். ஆமாம், விழவில்லை. அப்புறம் நியூட்ரல் ஜாயின்ட் விட்டுப்போனது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட், அந்தத் துண்டு ஒயர் வழியாக மெஷின் பாடிக்கே வந்துவிட்டது. தொட்டதும் தூக்கி அடித்தது. போன் செய்தால், "செருப்பு போட்டுக்கிட்டு வேலை பாருங்க." ஆப்பில் புகார் கொடுத்தால், "வேலை முடிந்ததாகப் பதிவாகியுள்ளது." நாற்பதாயிரத்துக்குச் செருப்பு யோசனை!

ராடு மட்டும் ஏன் போதாது? அதன் ரெசிஸ்டன்ஸ் 25 ஓம் என்று வையுங்கள். பேஸ் ஒயர் மெஷின் பாடியில் பட்டால், 230 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர்தான் மண்ணுக்குள் போகும். 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) அசையக்கூட அசையாது, பாடியில் கரண்ட் அப்படியே நிற்கும்.

சரி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கேபிள் வாங்கக் கிளம்ப வேண்டும். தனிக் கட்டடத்துக்கு லைன் போகும்போது எர்த் ஒயரும் மெயினிலிருந்து கூடவே வரட்டும். அங்குள்ள பெட்டியில் நியூட்ரலும் எர்த்தும் சேரவே கூடாது. ராடை மட்டும் நம்பும் இடத்தில் ஆர்.சி.சி.பி. இல்லாமல் லைன் கொடுக்க விடாதீர்கள். பல்பு எரிவதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள், எர்த் ரெசிஸ்டன்ஸை மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெட்டியின் மூடியைத் திறந்து காட்டும்வரை மீதிப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும். என் நாற்பதாயிரம் போனது போனதுதான்.