மெழுகு உருளையா, செல்லுலாய்டு உருளையா?

எடிசன் ஃபோனோகிராஃப் என்ற பழைய ஒலிக்கருவிக்கு, ஒலி பதிந்த உருளைகள் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, 1902 முதல் வார்ப்பு முறையில் வந்த கறுப்பு மெழுகு உருளைகளா, 1912 முதல் 1929 வரை வெளியான ‘புளூ ஆம்பரால்’ செல்லுலாய்டு உருளைகளா என்பதே. ஏறத்தாழ இரண்டு நிமிடமே பாடும் மெழுகு உருளை, குளிர்ந்திருக்கும்போது கைச்சூடு பட்டாலே விரிசல் விடக்கூடியது. அதன்மேல் படரும் பூஞ்சை மெழுகையே அரித்துவிடுவதால், துடைத்த பின்னும் இரைச்சல் போகாது. ஆகவே மேற்பரப்பைத் தொடாமல், இரு விரல்களை உள்ளே விட்டு, விரித்துத் தூக்குவதே முறை. நான்கு நிமிடம் பாடும் செல்லுலாய்டு எளிதில் உடைவதோ தேய்வதோ இல்லை. ஆனால் உள்ளிருக்கும் பிளாஸ்டர் ஈரத்தில் உப்பினால் உருளை, கருவியில் அதை மாட்டும் தண்டில் ஏறாது, உட்புறத்தைச் சிறிது சிறிதாகச் சுரண்டிச் சீராக்க வேண்டியிருக்கும். மெழுகின் குரலில் உள்ள இதம் எனக்கு மிகவும் பிடித்தது என்றாலும், அடிக்கடி போட்டுக் கேட்க விரும்புபவருக்குச் செல்லுலாய்டையே பரிந்துரைப்பேன். அதற்குரிய வைர ஊசியை மட்டும் மெழுகின்மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். ஒலி பதிந்திருக்கும் வரிப்பள்ளங்களை அது உழுதுவிடும்.